கானோக் கச்சான்

செவன் கிங்ஸ்,
லண்டன்.
14 பெப்ரவரி 1988

அன்பின் அத்தானுக்கு,

நானும் கலாவும் சுகமாக இருக்கிறோம். இந்த மாதத்தில் கானோவில் பாலைவனத் தூசிக் காற்று அடிக்கும். இழுப்பு வருகிறதா, மருந்து கைவசம் இருக்கிறதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். நீங்கள் அதற்கு மட்டும் பதில் எழுதுவதில்லை.

உங்களோடு படிப்பிக்கும் செல்வரத்தினம் மாஸ்டர் விடுமுறைக்கு லண்டன் வந்த மறுநாளே வீடு தேடி வந்து உங்கள் கடிதத்தையும் ஐந்து கிலோ கச்சான் பையையும் தந்துவிட்டுப் போனார். விமான நிலையத்தில் சுங்கக்காரர் பையை அவிழ்க்கச் சொல்லி, ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்துவிட்டு, வெறும் நிலக்கடலைதானே என்று சிரித்துக்கொண்டே கட்டித் தந்தாராம். வசந்தமலர் அக்கா பையைக் கண்டதும் வறுப்பதற்குச் சட்டியை எடுத்துவிட்டார். “தொடாதேங்கோ அக்கா, அது சாம்பிள்” என்று நான் கத்திவிட்டேன். இரண்டு வருடமாக அவருடைய வீட்டு மேல் அறையில் இருக்கிறேன்; ஒரு பிடி கச்சானுக்காக அவரிடம் கத்தினேன் பாருங்கள். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஏழு பக்கம். நைஜீரிய நைராவின் பெறுமதி விழுந்து உங்கள் சம்பளம் ஒன்றுக்கும் உதவாமல் போன நாளிலிருந்து நீங்கள் இப்படி உற்சாகமாக எழுதியதில்லை. அரசாங்கத்தின் கொள்வனவுச் சபையைக் கலைத்துவிட்டார்கள், இனி யாரும் கச்சான் வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றலாம். நைரா விழுந்தது எங்களுக்கு நட்டம், ஆனால் அதே காரணத்தால் கானோக் கச்சான் வெளிநாட்டுக்காரருக்கு மலிவு. ஆகவே இதுதான் தருணம் என்று, வகுப்பில் கரும்பலகையில் செய்து காட்டுவது போல அடியடியாக எழுதியிருந்தீர்கள். எனக்கும் விளங்கியது. நீங்கள் கூட்டுச் சேர்ந்திருக்கும் அல்ஹாஜி டன்லாடியை எங்கள் பாடசாலை விடுதிக்கு அரிசி கொடுக்கும் வியாபாரி என்றுதான் எனக்குத் தெரியும். அவருடைய தகப்பனார் ஒரு காலத்தில் கச்சான் மூட்டைகளைக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தவர் என்பது நீங்கள் எழுதித்தான் தெரியும்.

அந்தக் கோபுரங்களைப் பார்க்கத்தானே 81ஆம் ஆண்டு, கானோவில் நாங்கள் வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். கலா என் இடுப்பில் இருந்தாள். மூட்டைமலையின் உச்சியில் ஒரு ஆள் நிற்கும் தபால் அட்டையை யாரோ உங்களுக்கு யாழ்ப்பாணத்திலேயே காட்டியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ரெயில் பாதையோரம் வெறும் தரை. ஆடுகள் நின்றன. மழை பொய்த்தது, பிறகு செடியில் நோய் விழுந்தது, பிறகு பெற்றோல் காசு வந்தது, எல்லாரும் கச்சானை மறந்துவிட்டார்கள் என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். உலகத்துக்கே கச்சான் விற்ற ஊர் இவ்வளவு கெதியாக இப்படி ஆகுமா என்று நீங்கள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தீர்கள்.

நான் வேலை செய்யும் பக்டரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லண்டனின் கிழக்கே பாக்கிங் என்ற ஊரில் இருக்கிறது. மதுக்கடைகளுக்கும் பெரிய கடைகளுக்கும் உப்புக் கச்சான் பைகளில் அடைத்துக் கொடுப்பவர்கள். ஓடுகிற பெல்ற்றின் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று கறுத்தது, சுருங்கியது, கல், தும்பு எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்போம். எனக்குப் பக்கத்தில் நிற்பவர் பெர்னடெற் அக்கா, மன்னார். அவருடைய கணவர் அங்கே பாடசாலை அதிபராக இருந்தவர். இங்கே பெற்றோல் நிலையத்தில் நிற்கிறார். வந்து குவியும் சாக்குகளில் சீனா, அமெரிக்கா, ஆர்ஜென்ரீனா என்றுதான் எழுதியிருக்கும். சில வேளை மலாவி, கம்பியா. நைஜீரியா என்று எழுதிய ஒரு சாக்கை இந்த இரண்டு வருடத்தில் நான் காணவில்லை. இனிக் காண்பேன் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நல்லது. கச்சான் வாங்குவதற்குப் பொறுப்பானவர் மிஸ்டர் ஹொலிஸ். காலையில் ஒரு தரம் பெல்ற் பக்கமாக வந்து போவார். எப்படியாவது அவரிடம் கேட்கிறேன்.

இன்னொரு விசயம். ஹோம் ஒவ்வீஸ் எங்களை அகதிகளாக ஏற்றுக்கொண்ட கடிதம் வந்ததும் உங்களை இங்கே எடுப்பதற்கான படிவத்தை அனுப்பினேன் அல்லவா? அதைக் கடூனாவில் உள்ள பிரிட்டிஷ் அலுவலகத்தில் கொடுத்தீர்களா என்று நான் கேட்டதற்கு, ஒரு தொழிலை நிமிர்த்தி வைத்துவிட்டு வருகிறேன், பெண்சாதியின் உழைப்பில் குந்தியிருக்க லண்டன் வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் விருப்பம். படிவத்தைப் பூச்சி அரிக்காமல் பத்திரமாக வைத்திருங்கள்.

இந்த முயற்சிக்கு முருகன் கண் திறக்கட்டும் என்று நேற்றுக் கோயிலில் அருச்சனை செய்தேன்.

உங்கள்,
கௌரி


செவன் கிங்ஸ்,
24 ஏப்ரல் 1988

அன்பின் அத்தானுக்கு,

முதலில் சந்தோசமான செய்தி. சாம்பிள் பாஸ்.

விபரமாக எழுதுகிறேன். மிஸ்டர் ஹொலிஸிடம் போக எனக்கு மூன்று கிழமை துணிவு வரவில்லை. பெல்ற்றில் நிற்பவள் வாங்குகிறவரிடம் போய் என் மனுசனின் கச்சானை வாங்குங்கள் என்று எப்படிக் கேட்பது? பெர்னடெற் அக்காதான், “நீர் களவெடுக்கவா போறீர்? கேளும். இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லட்டும்” என்று என்னைத் தள்ளிவிட்டார். தேநீர் இடைவேளையில் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொண்டுபோய் அவருடைய மேசையில் வைத்தேன்.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒன்றைத் தோல் உரித்து, இரண்டாகப் பிளந்து, மணந்து, பிறகுதான் கடித்தார். எங்கிருந்து என்று கேட்டார். கானோ என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு என்னை இருக்கச் சொன்னார். இந்த நாட்டில் ஒரு அலுவலகத்தில் எனக்கு யாரும் கதிரை தந்தது அதுதான் முதல் தரம்.

உலக யுத்தம் முடிந்த கையோடு ஒரு தரகர் கம்பனியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தாராம். அந்த நாட்களில் லண்டனில் கச்சான் விலை என்றாலே நைஜீரிய விலைதானாம். மற்ற நாட்டுச் சரக்கை அதற்கு மேல் இவ்வளவு, அதற்குக் கீழ் இவ்வளவு என்று பேசுவார்களாம். இப்போது அமெரிக்கக் கச்சான் றொட்டர்டாம் துறைமுகத்தில் என்ன விலையோ அதுதான் உலகத்துக்கு விலை. ஒரு பட்டியலை எனக்குக் காட்டினார். எந்த நாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று. அமெரிக்கா, சீனா, ஆர்ஜென்ரீனா மேலே. இந்தியா மலைமலையாக விளைவித்தும் தானே உண்டு முடித்துவிடுகிறது, வெளியே வருவது கொஞ்சம். நைஜீரியாவைக் கீழே கீழே தேடினேன். இல்லை. அங்கே இப்போதும் விளைகிறதே என்று கேட்டேன். விளைவது வேறு, சந்தையில் இருப்பது வேறு என்றார். ஒரு நாடு ஒரு வருடம் வராவிட்டால் வாங்குகிறவர்கள் காத்திருப்பார்களாம். நாலைந்து வருடம் வராவிட்டால் அந்தக் கதிரையில் வேறொருவர் இருப்பாராம். பிறகு நல்ல சரக்கோடு வந்தாலும், இத்தனை நாளும் எங்கே இருந்தாய் என்று கேட்பார்களாம்.

அத்தான், அவர் அதைச் சொன்னபோது எனக்குக் கச்சான் ஞாபகம் வரவில்லை.

பிறகு அவர் சொன்னதைக் கவனமாகக் கேளுங்கள். ஈரம் பட்ட கச்சானில் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அது ஒரு நஞ்சை உண்டாக்கும். அஃப்லடொக்சின் என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் போகாது, ஈரலைத் தின்னும். அவர் இளமையாக இருந்தபோது இந்த நாட்டுப் பண்ணைகளில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் விழுந்து செத்தனவாம். காரணம் பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கு. அதிலிருந்துதான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்களாம். ஆகவே எந்தச் சரக்கும் லாப்பில் பாஸ் பண்ணாமல் உள்ளே வராது. உங்கள் சாம்பிளை அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது. நஞ்சு அறவே இல்லை. பருப்பின் அளவும் திறம்.

அந்தப் பேப்பரின் பிரதி ஒன்றை எனக்கும் தந்தார். இத்துடன் அனுப்ப மனம் வரவில்லை. தபாலில் தொலைந்தாலும் என்று நானே வைத்திருக்கிறேன். ஒரு கொன்ரெயினர், பதினாறு தொன், பரீட்சார்த்தமாக எடுக்க அவர் சம்மதித்துவிட்டார். ரெலெக்ஸ் தந்தி அல்ஹாஜிக்குப் போயிருக்கும். ஆனால் என்னிடம் தனியாக ஒன்று சொன்னார். மாதிரி என்பது கச்சானைப் பற்றி அவருக்கு ஒன்றும் சொல்வதில்லையாம், அதை அனுப்பிய ஆளைப் பற்றித்தான் சொல்கிறதாம். ஐந்து கிலோவையும் ஒரு மனிதன் உட்கார்ந்து கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியிருக்கிறான், அது தெரிகிறது என்றார். பதினாறு தொன்னும் அதே போல வர வேண்டும், ஒவ்வொரு சாக்கும். லாகோஸ் துறைமுகத்தில் மழை பிடிக்க முன்னர் கப்பல் ஏற வேண்டும்.

நீங்கள்தான் பொறுக்கினீர்கள் என்று எனக்குத் தெரியும். விடைத்தாள் திருத்துவது போல மேசையில் பரப்பி வைத்துச் செய்திருப்பீர்கள்.

கோயிலில் ஒரு அம்மா, உங்கட அவர் இன்னும் ஆபிரிக்காவிலயோ என்று வழக்கம் போலக் கேட்டார். வழக்கமாக நான் கதையை மாற்றிவிடுவேன். இந்த முறை, ஓம், அவர் அங்கே ஏற்றுமதி செய்யிறார் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

மானிப்பாயிலிருந்து மாமியின் கடிதம் இரண்டு மாதமாக இல்லை. இந்திய ராணுவம் வீதிகளை மறித்திருப்பதால் தபால் ஒழுங்காக இல்லை என்கிறார்கள். உங்களுக்கு ஏதும் வந்ததா?

எல்லாம் நல்லபடி நடக்கும். உடம்பைப் பாருங்கள்.

உங்கள்,
கௌரி


செவன் கிங்ஸ்,
11 செப்ரெம்பர் 1988

அன்பின் அத்தானுக்கு,

அல்ஹாஜிக்கு ரெலெக்ஸ் போயிருக்கும். நீங்கள் அதிலிருந்து அறிந்திருப்பீர்கள். ஆனாலும் நான் கண்டதை நான் எழுத வேண்டும்.

கொன்ரெயினர் லாகோஸ் துறைமுகத்தில் ஏழு கிழமை மழைக்குள் கிடந்து, போன மாதக் கடைசியில் இங்கே ரில்பரித் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து எங்கள் பக்டரி ஸ்ரோருக்கு வந்தது. மிஸ்டர் ஹொலிஸ் பெல்ற்றுக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். உன் வீட்டுச் சரக்கு, நீயும் வந்து பார் என்றார். சுப்பவைசருக்கு அது பிடிக்கவில்லை. நான் கையுறையைக் கழற்றிவிட்டு ஓடினேன்.

வாசல் பக்கத்துச் சாக்குகளை முதலில் பிரித்தார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சின்னக் கடதாசித் துண்டு. அதில் இலக்கமும், பக்கத்தில் தமிழில் ‘பா’ என்ற எழுத்தும். இது என்ன குறி என்று ஹொலிஸ் கேட்டார். என் கணவர் பார்த்து ஏற்றிய சாக்கு என்று அர்த்தம் என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. லண்டனில் ஒரு பண்டசாலையில், அத்தனை வெள்ளைக்காரருக்கு நடுவில், உங்கள் கையெழுத்து. கச்சானும் சாம்பிளைப் போலவே இருந்தது. ஹொலிஸ் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்.

நூற்றுப் பத்தாவது சாக்குக்குப் பிறகு துண்டு இல்லை.

பின்னால் இருந்த சாக்குகள் வேறு சாக்குகள். துணி பழையது, தையல் வேறு. அவிழ்த்ததும் ஒரு மணம் வந்தது. ஈரச் சுவரின் மணம். பருப்புகள் சுருங்கிக் கறுத்திருந்தன. சிலவற்றில் பச்சையாகத் தூள் படிந்திருந்தது. நான் இரண்டு வருடமாக நாள் முழுக்கப் பொறுக்கி எறிவது இதைத்தான். எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. மழை ஏழு கிழமையில் செய்த வேலை அல்ல இது. போன வருடமோ அதற்கு முதல் வருடமோ பிடுங்கி எங்கோ ஒரு மூலையில் கிடந்த சரக்கு.

ஹொலிஸ் என்னைப் பார்க்கவில்லை. சாக்குகளுக்குள் கம்பி குத்தி எல்லா அடுக்கிலிருந்தும் சாம்பிள் எடுக்கச் சொன்னார். லாப் பதில் வெள்ளிக்கிழமை வந்தது. அவர்களுடைய எல்லையை விடப் பத்து மடங்குக்கு மேல் நஞ்சு. முன்னால் இருந்த நல்ல சாக்குகளையும் சேர்த்து முழுவதையும் மறுத்து, ரில்பரிப் பண்டசாலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிரித்து எடுக்க முடியாதா என்று கேட்டேன். ஒரே கொன்ரெயினரில் ஒரே பத்திரத்தில் வந்த சரக்கு, பாதி நம்பிக்கை என்று ஒன்று இல்லை என்றார்.

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். கம்பனி மேலிடத்தில் எல்லாரும் வேண்டாம் என்றபோது, கானோவை எனக்குத் தெரியும் என்று சொல்லி எடுத்தவராம் அவர். பெர்னடெற் அக்கா கந்தோரில் ரைப் அடிக்கும் பெண்ணிடமிருந்து அறிந்து சொன்னார். இந்த வருட முடிவில் ஓய்வு பெற இருந்தவர். காலையில் பெல்ற் பக்கமாக வந்து போவது இப்போது இல்லை.

நல்ல கச்சானை விளைவித்த கானோ விவசாயியை நினைக்கிறேன். அவனுடைய நூற்றுப் பத்துச் சாக்கும் மற்றதோடு சேர்ந்து கெட்ட பெயர் எடுத்துக்கொண்டது. இனி இன்னொரு கம்பனிக்காரன் நைஜீரியா என்ற பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்துவான். அந்தப் பட்டியலில் இல்லாத நாடு, இனியும் இல்லாமலே இருக்கும்.

அத்தான், துண்டு இல்லாத அந்தச் சாக்குகள் யாருடையவை? நீங்கள் அறியாமல் ஏற்றினார்களா? ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

கலா புது வகுப்புக்குப் போகிறாள். பின்னக் கணக்கு அவளுக்கு ஏறுவதே இல்லை.

உங்கள்,
கௌரி


செவன் கிங்ஸ்,
30 ஒக்ரோபர் 1988

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் லாகோஸ் மழையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டதற்கு ஒரு வரி. கடைசி நேரத்தில் நிறை காணாது போனபடியால் மிச்சத்தை அல்ஹாஜி பார்த்துக்கொண்டார் என்று. அந்த ஒரு வரியைத்தான் நான் கூடுதலான தரம் வாசித்தேன். மிச்சம் என்றால் இருநூறு சாக்கு. அல்ஹாஜி பார்த்துக்கொண்டார் என்றால், நீங்கள் பார்க்காமல் இருக்கச் சம்மதித்தீர்கள். இனி நான் அதைப் பற்றிக் கேட்கமாட்டேன். நீங்களும் விளக்கம் எழுத வேண்டாம்.

ஆனால் கடிதத்தின் முடிவில் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். சரக்கு ரில்பரிப் பண்டசாலையில் கிடக்கிறது, திருப்பி ஏற்றவும் வழியில்லை, அப்டன் பார்க்கில் மளிகைச் சாமான் பைகளில் அடைத்து விற்கும் ஜம்புநாதன் எங்கள் ஊர்ப் பொடியன், என்னிடம் படித்தவன், அவன் குறைந்த விலைக்கு எடுக்கத் தயார், அவனுக்கு லாப் பேப்பர் மட்டும் வேண்டும், உம்மிடம் இருக்கும் ஏப்ரல் மாதப் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடும் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘இது பொய் இல்லைக் கௌரி, அதுவும் எங்கள் கச்சானுக்குக் கிடைத்த பேப்பர்தானே’ என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு கிழமை அந்தப் பேப்பரைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். கொடுத்தால் என்ன என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஒரு பிடியில் யாரும் செத்துவிடப் போவதில்லை. எங்கள் பிள்ளைகள் ஊரில் எத்தனை கெட்ட கச்சான் தின்றிருப்பார்கள், யார் பரிசோதித்தார்? இந்தச் சரக்கு போய்விட்டால் உங்கள் தலை நிமிரும், நீங்கள் படிவத்தை நிரப்புவீர்கள், வருவீர்கள். இப்படியெல்லாம் நினைத்தேன். ஆகவே உங்களை நான் குற்றம் சொல்ல ஏலாது. நானும் அந்தப் பாதையில் பாதித் தூரம் நடந்தவள்தான்.

போன சனிக்கிழமை கலாவையும் கூட்டிக்கொண்டு அப்டன் பார்க் போனேன். ஜம்புநாதன் என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். நல்ல பிள்ளை, அத்தான். நீங்கள் படிப்பித்திராவிட்டால் கணக்கில் பெயிலாகி ஊர் சுற்றியிருப்பாராம். “மாஸ்டரின்ர சாமான் எண்டால் நான் சாக்கை அவிழ்த்தும் பாக்கமாட்டன் அக்கா. பேப்பரை மட்டும் தாங்கோ, கவுன்சில் சுகாதாரக்காரர் வந்தால் காட்டவேணும்” என்றார். கலாவுக்கு ஒரு சொக்கிலேற் கொடுத்தார்.

அவருடைய கடையில் கச்சான் சின்னச் சின்னப் பைகளில் கம்பியில் தொங்குகிறது. நான் நின்ற நேரம் ஒரு தாய் வந்து இரண்டு பை எடுத்தார். கைவண்டிலில் இருந்த பிள்ளை கையை நீட்ட, ஒன்றை அப்போதே பிரித்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துப் பெண்தான். விலையைத் தவிர வேறு ஒன்றும் அவர் பார்க்கவில்லை. எங்கட ஆட்களின் கடை, பார்க்க என்ன இருக்கிறது?

நான் கைப்பையைத் திறந்து இரண்டு பேப்பரையும் மேசையில் வைத்தேன். ஏப்ரல் மாதத்ததும் செப்ரெம்பர் மாதத்ததும். இரண்டாவதை ஹொலிஸிடம் கேட்டு வாங்கியிருந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. முதலாவது நீங்கள் கையால் பொறுக்கி அனுப்பிய ஐந்து கிலோவுக்கு, இரண்டாவது ரில்பரியில் கிடக்கிற சரக்குக்கு என்று ஜம்புநாதனுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் செப்ரெம்பர்ப் பேப்பரைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கட மனுசன்ர சாமானை நீங்களே பிழை எண்டு சொல்லுறியளோ அக்கா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.

“மாஸ்டர் கோவிப்பாரே.”

“கோவிப்பார். நீர் வாங்கினால் நான் கவுன்சிலுக்குப் போய்ச் சொல்லவேண்டி வரும் தம்பி. என்னை அதைச் செய்ய வைக்காதையும்.”

அவர் பேப்பரை மடித்து என் கையில் தந்துவிட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றார். பாதி குடித்துவிட்டு, கலாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆக, சரக்கு போகாது. அழிக்கத்தான் போகிறார்களாம். உங்கள் ‘பா’ எழுதிய நல்ல சாக்குகளும் சேர்ந்துதான். அல்ஹாஜி உங்களோடு எப்படி நடந்துகொள்வார் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்மீது பழியைப் போட்டுவிடுங்கள். லண்டனில் இருக்கிற பெண்சாதி கெடுத்துவிட்டாள் என்று சொல்லுங்கள். அது உண்மைதானே.

ஹொலிஸ் போன வெள்ளியோடு வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள் பெல்ற்றுக்கு வந்து எல்லாருக்கும் கை கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கொடுத்தது போலவே. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

இங்கே வந்தால் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று பொய் எழுதமாட்டேன். பாடசாலைகள் உங்கள் பட்டத்தை உடனே ஏற்காது. முதல் வருடம் பெர்னடெற் அக்காவின் கணவரைப் போல எங்காவது இரவல் சட்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டி வரும். என் சம்பளத்தில் சாப்பிட வேண்டி வரும். உங்களுடைய சம்பளத்தில் நான் ஐந்து வருடம் கானோவில் சாப்பிட்டேன். அப்போது எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. குட்மேய்ஸில் சனிக்கிழமைகளில் எங்கட பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கணக்குக்கு ஆள் இல்லை என்று இரண்டு தரம் என்னிடம் கேட்டுவிட்டார்கள். காசு தரமாட்டார்கள். மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள்.

நானும் உங்களை ஏற்றுமதிக்காரர் என்று கோயிலில் சொல்லித் திரிந்தேன். இந்தச் செவ்வாய்க்கிழமை அந்த அம்மா மறுபடியும் கேட்டார். அவர் கணக்கு மாஸ்டர், வரப் பார்க்கிறார் என்று சொன்னேன்.

நேற்றுக் கலா பின்னக் கணக்கோடு என் முன்னால் வந்து இருந்தாள். எனக்கும் பாதிக்கு மேல் தெரியவில்லை. பென்சிலை வைத்துவிட்டு, “அப்பா இன்னும் பிஸியா?” என்று கேட்டாள். இந்த இரண்டரை வருடமும் அவள் கேட்கும்போதெல்லாம் நான் சொன்ன பதில் அதுதான். அப்பாவுக்கு அங்கே வேலை இருக்கிறது. நேற்று என்னால் அதைச் சொல்ல ஏலவில்லை. அந்த வேலையை அப்டன் பார்க்கில் வைத்து நானே இல்லாமல் செய்துவிட்டேன். இனி அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை.

கோபம் இருந்தால் கோபத்தோடு வாருங்கள். இங்கே வந்து ஏசுங்கள், கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் வாருங்கள் அத்தான்.

உங்கள் வழித்துணைக்கு முருகனை வேண்டிக்கொண்டு,
கௌரி